பாதிக்குக் கீழே இறங்காத பேட்டரி

வேனை வாசலோடு ஒட்டி நிறுத்தியிருந்தேன். அதன் பின்கதவிலிருந்து ஒரு மஞ்சள் ஒயர் கிளம்பி, முருங்கை மரத்தடியில் வளைந்து கிடந்து, சன்னல் கம்பிக்குள் நுழைந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த ஆக்சிஜன் மிஷின் வரைக்கும் போயிருந்தது. கட்டிலில் என் வீட்டுக்காரர் தங்கராஜ் தலையணைகளை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் மிஷினின் குழாய். சன்னல் திட்டில், அவர் கண்ணுக்கு நேராக, தீப்பெட்டி அளவில் ஒரு டிஸ்ப்ளே. வேனில் இருக்கும் பேட்டரியின் வோல்ட் எவ்வளவு என்று அதில் சிவப்பு எழுத்தில் தெரியும். அவர் சொல்லச் சொல்ல நான் ஒயர் இழுத்து மாட்டியது.

அன்றைக்கு எங்கள் பகுதியில் மாதாந்திர மின்தடை. காலையில் போகும் கரண்ட் சாயங்காலம்தான் வரும். மற்ற வீடுகளில் முந்தின நாளே தண்ணீர்த் தொட்டியை நிரப்புவார்கள், மாவரைத்து வைப்பார்கள், போனுக்குச் சார்ஜ் போடுவார்கள். எங்கள் வீட்டில் ஒரு மனிதன் மூச்சு விடுவதற்கு ஏற்பாடு செய்வோம்.

ஃபேன் நின்றது. பக்கத்து வீட்டு டி.வி. பாதிப் பேச்சில் அறுந்தது. மிஷின் மட்டும் நிற்கவில்லை. முன்கூட்டியே அதை வேன் ஒயரில் மாட்டியிருந்தேன். புஸ்... டக்... புஸ்... டக்... என்று அது பாட்டுக்கு ஓடியது. அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பேசினால் மூச்சு வாங்கும் என்பதால் அப்போதெல்லாம் அவருடைய பாதிப் பேச்சு விரலில்தான்.

மத்தியானம் வரைக்கும் பேட்டரி, அதற்குப் பிறகு சிலிண்டர். இதுதான் எங்கள் ஏற்பாடு. மூலையில் நின்ற சிலிண்டரை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று திறந்தேன். மீட்டர் முள் அடியில் கிடந்தது. வாங்கி வைத்ததிலிருந்து தொடாத சிலிண்டர். வால்வில் எங்கேயோ கசிந்து, சத்தமே இல்லாமல் காலியாகியிருக்கிறது.

"ஏங்க, ஆட்டோவுல போயி இத மாத்திட்டு வந்துருதேன். மிஷின மட்டும் நிப்பாட்டிராதீக. பேட்டரி சுத்தமா எறங்கினாலும் எறங்கட்டும்."

"போயிட்டு வாட்டி" என்றார். "நான் என்ன... ஓடியா போவப் போறேன்?"

இந்தக் காட்சியை இங்கேயே நிறுத்தி வைக்கிறேன். இதற்கு மேல் உள்ளே போக எனக்குக் கொஞ்சம் தெம்பு வேண்டும். அதுவரை வேறு கதை பேசுவோம்.

கேட்டவருக்குப் பதில்

போன வாரம் நான் ஏணியிலிருந்து விழுந்த கதையை எழுதியிருந்தேன். ஜவுளிக்கடை வாசலில், வாளித் தண்ணீரோடு, துணிக்கடைப் பொம்மையின் மேலேயே போய் விழுந்ததை எழுதும்போது எனக்கும் சிரிப்பு வந்தது. விழுந்த அன்றைக்கு வரவில்லை. இடுப்பு எலும்பில் விரிசல். ஒன்றரை மாதம் படுக்கை. அந்த ஒன்றரை மாதமும் இவர்தான் எனக்குத் தலை வாரிவிட்டார் என்பதைப் போன வாரம் எழுத விட்டுப்போயிற்று.

அதைப் படித்துவிட்டு ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அவரும் வேனில் தண்ணீர்த் தொட்டியும் பம்பும் வைத்துக் கண்ணாடி துடைக்கும் தொழில் தொடங்கப் போகிறாராம். என்ன பேட்டரி வாங்கலாம், எப்படிப் பராமரிக்கலாம், விவரமாக எழுதுங்கள் அக்கா என்கிறார். நல்ல கேள்விதான். வேறு யாரிடம் கேட்டிருந்தாலும் இரண்டு வரியில் பதில் கிடைத்திருக்கும். என்னிடம் வந்து மாட்டிக்கொண்டார்.

இந்தத் தொடரை இன்றைக்குத்தான் கையில் எடுக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. என் பேர் எஸ்தர். இராஜபாளையம். மில்லில் எலெக்ட்ரீசியனாக இருந்த என் வீட்டுக்காரரும், ஒரு ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த நானும் சேர்ந்து ஆரம்பித்தது இந்தத் தொழில். "கண்ணாடி தொடைக்கதெல்லாம் ஒரு தொழிலா? எங்க வீட்டுல நாங்களே தொடச்சுக்கிடுவோமே" என்று சொல்லாத ஆளில்லை. ஆனால் நகைக்கடை, துணிக்கடை, ஸ்கேன் சென்டர் என்று ஊரில் ஒவ்வொன்றாகக் கண்ணாடி முகப்புக்கு மாறின. கட்டியவர்கள் எல்லாரும் ஒரு விஷயத்தை மறந்திருந்தார்கள். வெளிப்பக்கத்தை யார் துடைப்பது?

நாங்கள் துடைத்தோம். ஆரம்பத்தில் வாளியும் ஏணியும்தான். நான் விழுந்த பிறகு நீளமான கம்பு, நுனியில் பிரஷ், கம்புக்குள்ளேயே தண்ணீர்க் குழாய். வேனில் இருக்கும் தொட்டியிலிருந்து பம்பு தண்ணீரை மேலே தள்ளும். தரையில் நின்றபடியே மூன்று மாடிக்குத் தேய்க்கலாம். போர் தண்ணீரை அப்படியே அடித்தால் காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி விழும். அதனால் பில்டரில் விட்டு உப்பெடுத்த தண்ணீர். துணியால் துடைக்கவே வேண்டாம். ஏணியும் வேண்டாம். பம்பு ஓடினால் போதும். பம்பு ஓட வேண்டுமென்றால் பேட்டரி வேண்டும்.

தேருக்கு முந்தின வாரம்

முதலில் எங்களுக்கு அந்தப் புத்தி இல்லை. வேன் இஞ்சினைக் கிளப்புவதற்கென்று ஒரு பேட்டரி ஏற்கெனவே இருக்கிறதே, அதிலேயே பம்பையும் மாட்டினோம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடை. ஆடிப்பூரம் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். பால்கோவாக் கடைக் கண்ணாடியைத் துடைத்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். உள்ளே அடுப்புப் புகை, வெளியே குழந்தைகளின் விரல். நெய்ப்பிசுக்கு லேசில் போகாது. காலை முழுக்கப் பம்பை ஓட விட்டுத் தேய்த்து முடித்து, வேனில் ஏறிச் சாவியைத் திருகினால், டிக். அவ்வளவுதான். மறுபடி திருகினால் அந்த டிக்கும் இல்லை.

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னாலிருந்து தள்ளினேன். தொட்டியில் பாதித் தண்ணீர் வேறு. கையில் இலைப் பொட்டலத்தோடு சனம் கடையைவிட்டு வெளியே வந்து வேடிக்கை பார்த்தது. கடைக்காரர் படியில் நின்று சொன்னார்: "தேரு அடுத்த வாரந்தாம்மா. அதுக்குள்ள இழுக்க ஆரம்பிச்சிட்டீக?"

நான்கு பேர் சிரித்துக்கொண்டே வந்து கை கொடுத்தார்கள். வேன் கிளம்பிய பிறகு, ராஜபாளையம் ரோட்டில் காற்று முகத்தில் அடிக்க, இவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "வடம் பிடிச்ச புண்ணியம் ஒனக்குத்தாம்ட்டி" என்றார். சர்ச்சுக்குப் போகிறவளுக்குத் தேர்ப் புண்ணியம். இரண்டு பேரும் வீடு வரைக்கும் சிரித்தோம். அந்தச் சிரிப்புச் சத்தம் அந்த வேனுக்குள்தான் இன்னும் எங்கேயோ இருக்க வேண்டும். நான் தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

பட்டாசும் குத்துவிளக்கும்

மறுநாளே பேட்டரிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் சுப்பராஜா, தெலுங்கு பேசுகிற மனிதர். ஒரு பெரிய கறுப்புப் பெட்டியைத் தட்டிக் காட்டினார்.

"லாரிக்குப் போடுற பேட்டரிம்மா. மலையையே இழுக்கும்."

"நாங்க மலைய இழுக்கல அண்ணாச்சி" என்றார் இவர். "தண்ணியத்தான் ஏத்தப் போறோம்."

அப்புறம் எனக்கு விளக்கினார். இஞ்சின் கிளப்பும் பேட்டரி, அது கார் பேட்டரியோ லாரி பேட்டரியோ, பட்டாசு மாதிரி. ஒரே மூச்சில் படார் என்று எல்லாவற்றையும் கொடுக்கும். சில வினாடிதான். அதற்கேற்ற மெல்லிய தகடுகள் உள்ளே. அதைப் பிடித்து நாள் முழுக்க மெதுவாக எரியச் சொன்னால் சீக்கிரம் செத்துப்போகும். நமக்கு வேண்டியது குத்துவிளக்கு. கொஞ்சம் கொஞ்சமாக, மணிக்கணக்காக எரிய வேண்டும். அதற்குத் தடித்த தகடு வேண்டும். வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கிறார்களே, உயரமாக, கனமாக, அந்த ஜாதி. சிவகாசிக்குப் பக்கத்தில் பிறந்தவளுக்குப் பட்டாசு உவமை உடனே புரிந்தது.

"வீட்டுல வைக்கதக் கொண்டுபோயி வண்டில வச்சா குலுங்குமே?" என்றார் சுப்பராஜா.

"குலுங்காம வைக்கது என் பாடு."

எவ்வளவு பெரிசு வாங்குவது என்பதற்கும் இவரிடம் ஒரு வழி இருந்தது. ஒரு நாள் வேலைக்குப் பம்பு எவ்வளவு இழுக்கும் என்று பார், அதைப்போல இரண்டு மடங்கு வாங்கு. ஏன் இரண்டு மடங்கு என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். தண்ணீரே ஊற்ற வேண்டாத மூடின பேட்டரியும் கடையில் இருந்தது. "நம்ம ஊரு வெயில்ல வேனுக்குள்ள அது வெந்துரும். இதுன்னா தெறந்து பாத்துக்கிடலாம்" என்று அதை ஒதுக்கிவிட்டார்.

"மாசம் ஒருக்கா நீள்ளு மட்டும் பாருங்க" என்று சொல்லி அனுப்பினார் சுப்பராஜா. நீள்ளு என்றால் தண்ணீர். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பேட்டரித் தண்ணீருக்கு நீள்ளு என்றே பேராகிவிட்டது.

வேனின் தரையில் இவர் மரப்பெட்டி அடித்து, அதற்குள் பேட்டரியை இறக்கி, இரண்டு பக்கமும் பெல்ட் போட்டு இறுக்கினார். சார்ஜ் ஏறும்போது வரும் வாயு வெளியே போகப் பெட்டியிலிருந்து தரை வழியாக ஒரு குழாய். எல்லாம் முடிந்ததும் பெட்டியைத் தட்டிக்கொடுத்தார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதை இந்த இடத்தில் சொல்லிவிட்டுப் போகிறேன்.

அவர் போட்ட சட்டங்கள்

முதல் சட்டம், பாதி. பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கவே கூடாது. இறங்குகிற ஒவ்வொரு தடவையும் அதன் ஆயுசில் கொஞ்சம் போகும். "பாதிக்கு மேல உள்ளதுதான் நம்மளது. கீழ உள்ளது பேட்டரியோட சோறு. அதுல கை வைக்கக் கூடாது" என்பார். அதனால்தான் இரண்டு மடங்கு வாங்கியது.

இரண்டாவது சட்டம், பாதி வந்துவிட்டதா என்று பார்க்கும் முறை. டிஸ்ப்ளேயில் பன்னிரண்டே முக்கால் கிட்ட இருந்தால் முழுசு. பன்னிரண்டு புள்ளி இரண்டு என்றால் பாதி. ஆனால் பம்பு ஓடும்போது பார்த்தால் அந்த எண் பொய் சொல்லும். இருப்பதைவிடக் குறைத்துக் காட்டும். ஒரு நாள் பம்பு ஓடிக்கொண்டிருக்கையில் பன்னிரண்டு புள்ளி ஒன்று என்று பார்த்துவிட்டு, "ஐயோ, பாதிக்குக் கீழ போயிருச்சு" என்று நான் கம்பைப் போட்டுவிட்டு ஓடிவந்தேன்.

அவர் பதறவே இல்லை. பம்பை நிறுத்தினார். "ஓடுறவங்கிட்டப் போயி ஒடம்பு எப்படியிருக்குன்னு கேட்டா, மூச்சு எரைக்கத்தான் செய்வான். செத்த நேரம் உக்கார வச்சிட்டுக் கேளு" என்றார். வேன் நிழலில் உட்கார்ந்து டீ குடித்தோம். எண் தானாகவே ஏறியது. பன்னிரண்டு புள்ளி மூன்று, அப்புறம் நான்கு. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. நிறுத்தி, ஓய விட்டு, அப்புறம் பார்ப்பதுதான் உண்மையான கணக்கு. அன்றிலிருந்து எனக்கும் அது பழகிவிட்டது.

மற்றதெல்லாம் சின்னச் சட்டங்கள். நீள்ளு என்றால் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். எங்கள் பில்டர் தண்ணீர் கண்ணாடிக்கு ஆகும், பேட்டரிக்கு ஆகாது. அதையும் சார்ஜ் ஏறி முடிந்த பிறகு ஊற்ற வேண்டும். ஆசிட் ஊற்றவே கூடாது. முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்தால் வெந்நீரில் ஆப்ப சோடாவைக் கரைத்து ஊற்றிப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, காய்ந்ததும் வாஸ்லின் தடவ வேண்டும். அன்றைய வேலை முடிந்தால் அன்றைக்கே சார்ஜ் போட வேண்டும். "பசியோட தூங்க விடாத" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, பனியனோடு வேனுக்குள் உட்கார்ந்துவிடுவார். சோடா நுரைக்கும் சத்தமும் அந்தப் புளித்த வாடையும் சமையலறை வரை வரும். "எனக்கு ஒரு நாளாவது இப்படிப் பாத்துப் பாத்துச் செஞ்சிருக்கீகளா?" என்று கேட்பேன். "ஒனக்குத்தாம்ட்டி இது" என்பார். கறிக்குழம்பு ஆறிக்கொண்டிருக்கும்.

மிஷின் வந்தது

இருமல் எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டபோது எங்கள் இரண்டு பேருக்கும் சொல்லத் தெரியவில்லை. மில்லில் வேலை பார்த்த யார்தான் இருமவில்லை? முதலில் கம்பைப் பிடிக்கும்போது நின்று நின்று மூச்சு வாங்கினார். பிறகு கம்பு என் கைக்கு வந்தது, அவர் வேனில் உட்கார்ந்து பம்பைப் பார்த்துக்கொண்டார். பிறகு வேனில் ஏறவும் முடியவில்லை.

மதுரையில் படம் எடுத்துப் பார்த்தார்கள். நுரையீரல் நார் நாராக இறுகிக்கொண்டே போகிறதாம். பஞ்சுத் தூசியா என்று கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார் டாக்டர். மருந்து கொடுத்தால் சரியாகிவிடுமா என்று கேட்டேன். போனது திரும்பி வராது, போகிற வேகத்தை வேண்டுமானால் குறைத்துப் பார்க்கலாம் என்றார். இந்தக் கேள்விக்கு அவர் வேறு ஏதாவது பதில் சொல்லியிருக்கலாம். பொய்யாகவாவது.

இரவும் பகலும் ஓட வேண்டிய ஆக்சிஜன் மிஷின் வீட்டுக்கு வந்தது. கரண்ட் போனால்? கட்டிலில் இருந்தபடியே அவர் வழி சொல்ல, வேனில் ஒரு இன்வெர்ட்டரை மாட்டினேன். இன்னொரு பேட்டரி வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வாங்கத்தான் நினைத்தோம். ஒவ்வொரு மாதமும் ஆஸ்பத்திரி முந்திக்கொண்டது. ஆக, இருந்தது ஒரே பேட்டரி. வேலைக்குப் போகும் நாளில் அது எனக்குச் சோறு. கரண்ட் போகும் நாளில் அது அவருக்கு மூச்சு.

மறுநாள் வேலை

மின்தடைக்கு மறுநாள் எங்களுக்கு ஒரு வேலை இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் ரோட்டில் புதிதாகக் கட்டிய கல்யாண மண்டபம். மூன்று மாடிக்கு ஒரே கண்ணாடி. திறப்பு விழாவுக்கு முன்னால் பளிச்சென்று ஆக்கிக் கொடுக்க வேண்டும். பிடித்திருந்தால் வருஷம் பூராவும் மண்டபமும், அதே முதலாளியின் மில் ஆபீசும் எங்களுக்கே என்று சொல்லியிருந்தார்கள். நான் ஒற்றை ஆளாக ஆனதிலிருந்து வேலைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தன. இது கைக்கு வந்தால் தொழில் பிழைக்கும். போனால் வேனை விற்க வேண்டியதுதான்.

இதில் சிக்கல் என்னவென்றால், பேட்டரி மின்தடையன்றைக்கு ஒட்ட இறங்கிவிட்டால் சாயங்காலம் சார்ஜ் போட்டாலும் விடியற்காலைக்குள் ஏறாது. முந்தின நாள் இதைப் பேசினோம்.

"எறங்கினா எறங்கட்டும். நான் வாளியும் ஏணியும் வச்சு முடிச்சிருவேன்" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "மூணு மாடிக்கு... ஏணியா? போன தடவ... விழுந்தது பத்தலையா ஒனக்கு?"

"இப்ப என்ன, சின்ன புள்ளையா? பாத்து ஏறுவேன்."

"ஏறாத" என்றார். அதற்கு மேல் பேச மூச்சு இல்லை. கையை மட்டும் ஆட்டினார்.

இப்போது அந்தக் காலைக்குத் திரும்ப வேண்டும்.

சிலிண்டர் கடையில் ஸ்டாக் இல்லை. ஆட்டோக்காரர் நல்ல மனிதர், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு இடம் தெரியும் என்று கூட்டிப்போனார். அங்கே எங்களுக்கு முன்னால் வரிசை. நிறைந்த சிலிண்டரைக் குழந்தையைப்போல் மடியில் சாய்த்துக்கொண்டு திரும்பினேன். போன் போட்டேன், எடுக்கவில்லை. பேச முடியாமல் எடுக்காமல் இருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தெருமுனையில் ஆட்டோ திரும்பியதும் காதைத் தீட்டினேன். கரண்ட் இல்லாத தெருவில் மிஷின் சத்தம் முனை வரைக்கும் கேட்கும். புஸ், டக். அது கேட்கவில்லை.

கட்டிலில் அவர் ஒருக்களித்துச் சரிந்து கிடந்தார். மூக்கில் குழாய் அப்படியே இருந்தது. ஒரு கை மிஷினின் சுவிட்சை நோக்கி நீண்டு, எட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. ஆட்டோக்காரர் சிலிண்டரைத் திறக்க, நான் மாஸ்க்கை அவர் முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டே மிஷின் சுவிட்சைத் தட்டினேன். உடனே ஓடியது. ஒரு தயக்கமும் இல்லாமல் ஓடியது.

அப்போதுதான் சன்னல் திட்டைப் பார்த்தேன். மிஷின் ஓட ஆரம்பித்தும் எண் இன்னும் முழுசாக இறங்கியிருக்கவில்லை. பன்னிரண்டு புள்ளி நான்கு. பாதிக்கு நல்ல மேலே. ஒரு எண்ணின் மேல் அவ்வளவு வெறுப்பு எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை.

ஆஸ்பத்திரியில்

கண் விழித்தார். இரண்டு நாள் கழித்துக் கொஞ்சம் பேசினார். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

"மிஷின நிப்பாட்டாதீகன்னு சொல்லிட்டுத்தான போனேன். ஏன் நிப்பாட்டினீக?"

மாஸ்க்கை விலக்கினார். "பன்னெண்டு ஒண்ணு... காட்டுச்சு."

"ஓடும்போது பாத்தா பொய் சொல்லும்னு எனக்குச் சொல்லிக்குடுத்ததே நீங்கதான?"

"அதான்... நிப்பாட்டினேன்" என்றார். "ஓய விட்டுல்ல... பாக்கணும்."

எனக்குப் புரிய நேரமாயிற்று. சரியான கணக்குப் பார்ப்பதற்காக நிறுத்தியிருக்கிறார். மிஷினை அணைத்து, பேட்டரிக்குச் செத்த நேரம் ஓய்வு கொடுத்து, எண் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எண் ஏறியது. இவருக்கு மூச்சு இறங்கியது. மறுபடி சுவிட்சைப் போடலாம் என்று கையை நீட்டும்போது கை எட்டவில்லை. பேட்டரியை உட்கார வைத்து உடம்பு எப்படி என்று கேட்டவர், அந்த நேரத்தில் தான் எதை வைத்து மூச்சு விடுகிறோம் என்பதை மறந்துவிட்டார்.

"எம்புட்டு இருந்தா ஒங்களுக்கு என்ன? அம்புட்டும் போனாத்தான் என்ன?" என்று கத்திவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் என் கையைப் பிடித்தார். குளிர்ந்த கை.

"எறங்கிருச்சுன்னா... நீ ஏணில ஏறுவ."

கல்யாண மண்டபத்தை வேறு யாரோ துடைத்தார்கள். அந்த நாள் முழுக்க வேன் வாசலில் நின்றது. அவர் எனக்காக மிச்சம் பிடித்தது அத்தனையும் அதற்குள் சும்மா கிடந்தது.

சில வாரங்களில் அவர் போய்விட்டார். அந்த ஒரு நாளால் அல்ல, எப்படியும் இவ்வளவுதான் இருந்திருக்கும் என்றார் டாக்டர். ஆறுதல் சொல்லத்தான் சொல்லியிருப்பார். எப்படியும் இவ்வளவுதான் என்பது எனக்கு ஆறுதலாக இல்லை. கல்லறைத் தோட்டத்தில் போதகர் ஜெபித்து முடித்தபோது எல்லாரும் ஆமென் என்றார்கள். என் வாயில் அது வரவில்லை. இன்றைக்கு வரைக்கும் வரவில்லை.

தம்பிக்கு

தம்பி, கேட்ட கேள்விக்கு வருகிறேன். தடித்த தகடு உள்ள உயரமான பேட்டரியாகப் பார்த்து வாங்குங்கள். பெட்டியில் இறுக்கிக் கட்டுங்கள். சார்ஜ் ஏறிய பிறகு நீள்ளு ஊற்றுங்கள். வாஸ்லின் தடவுங்கள். பாதிக்குக் கீழே விடாதீர்கள். எதை வாங்கினாலும் இரண்டாக வாங்குங்கள். ஒன்று போதும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

எங்கள் பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. அதை வேனிலிருந்து இறக்கி, அவர் கட்டில் இருந்த இடத்தில் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சோடா ஊற்றித் தேய்க்கிறேன். எண் எப்போதும் முழுசு. இறங்குவதற்கு அதில் எதையும் மாட்டுவதில்லை.

மாட்டிப் பார்த்தேன். அவர் போன பிறகு முதல் வேலைக்குப் போன அன்றைக்குப் பம்பைப் போட்டேன். ஓட ஆரம்பித்ததும் எண் ஒவ்வொரு புள்ளியாக இறங்கியது. பன்னிரண்டு ஐந்து, நான்கு, மூன்று. எனக்கு மூச்சு அடைத்தது. பாதிக் கண்ணாடியில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு போடவில்லை. போட முடியவில்லை.

பிழைக்க வேண்டுமே. சின்னக் கடைகள் நாலைந்து இன்னும் என்னைக் கூப்பிடுகின்றன. காலையில் வேனை எடுக்கிறேன். பின்னால் இரண்டு வாளி. மேலே ஏணி. இப்போது நான் அதில்தான் ஏறுகிறேன்.